போனில் ஒருவர் 'சார்' என்றார், திருத்தத் தோன்றவில்லை: இது நிஜமா, நானாக உண்டாக்கிக்கொள்வதா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெண்ணாக வளர்க்கப்பட்டவர். ஹாஸ்டலில் இருக்கிறீர்கள். சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்த ஒரு நாள் போனில் பேசிய யாரோ உங்களை 'சார்' என்று அழைத்தார், நீங்கள் திருத்தவில்லை, அதன் பிறகு மூன்று நாள் அந்த ஒரு சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சிறு வயதில் இப்படித் தோன்றியதே இல்லை. இது நிஜமா, இணையத்தில் படித்துப் படித்து நானே உண்டாக்கிக்கொண்டதா, எப்படித் தெரிந்துகொள்வது, ரூம்மேட்டிடம் சொல்லலாமா? இவ்வளவுதானே?

உங்களைத் தம்பி என்றோ தங்கை என்றோ அழைத்து ஆரம்பிக்கவில்லை. அதை நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பற்றி: வயது 31. பெண்ணாக வளர்ந்து, கல்லூரியில் இதே கேள்வியில் மாட்டி, இன்று ஆண், பெண் இரண்டிலும் சேராமல் வாழ்கிறேன். ஏழு வருடமாக இந்தக் கேள்வியோடு வரும் மாணவர்களுடன் உட்கார்ந்து பேசும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவிலும் இருக்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் மருந்து, ஹார்மோன் பற்றிப் பொதுவாக எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான் சொல்வேன்.

முதலில் அந்த போன் அழைப்பு. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பாலினம் மாற்றி அழைக்கப்பட்டால் பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டோ எரிச்சலோடோ திருத்துவார்கள், சாயங்காலத்துக்குள் மறந்தும் போவார்கள். உங்களுக்கு மறக்கவில்லை, நினைக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஜெண்டர் யூஃபோரியா என்று பெயரே இருக்கிறது. எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது இதன் மறுபக்கத்தை, அதாவது டிஸ்ஃபோரியாவை: உடலோ மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் விதமோ நமக்குப் பொருந்தாதபோது வரும் வேதனை. அந்த வேதனை எனக்கு இல்லையே, கண்ணாடியைப் பார்த்து அழுததில்லையே, அப்படியானால் நான் திருநராக, அதாவது பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினம் பொருந்தாதவராக, இருக்க முடியாதே என்று பலர் குழம்புகிறார்கள். எனக்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட பிறகுதான், கண்ணாடி முன்னால் நின்றே பல வருடம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. பல் தேய்க்கும்போதுகூடத் தலையைக் குனிந்தே நிற்கும் பழக்கம் இருந்திருக்கிறது. எப்போதும் இருக்கிற வலியை நாம் வலி என்று கணக்கில் எடுப்பதில்லை, அது கொஞ்சம் குறைந்த பிறகுதான் இருந்ததே தெரிகிறது.

ஆனால் ஒரு அழைப்பை வைத்து முடிவுக்கு வரவும் முடியாது. 'சார்' என்ற சொல் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு மரியாதையும் வருகிறது. அந்தக் குரல் உங்களிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கலாம், குறுக்கிடாமல் கேட்டிருக்கலாம். உங்களுக்குப் பிடித்தது அந்த மரியாதையா, அல்லது 'நான் அப்படிப்பட்ட ஆள்' என்ற உணர்வா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெண்களுக்கும் அதே மரியாதை, அதே இரவு நேரச் சுதந்திரம், அதே சம்பளம் கிடைக்கிற ஓர் உலகத்தைக் கற்பனை செய்யுங்கள். அங்கேயும் அந்த ஆசை மிச்சம் இருக்கிறதா? அப்புறம் யாருமே இல்லாத ஓர் அறையில், யாரும் எந்தப் பெயரும் சொல்லி அழைக்காத இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அங்கே உங்கள் மனக்கண்ணில் நிற்கிற உருவம் எது? எங்கள் குழுவுக்கு வந்த ஒரு மாணவி நான்கைந்து மாதம் இப்படி யோசித்துவிட்டு, "நான் பெண்தான், பெண்ணென்று என்னை நடத்துகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை" என்று வந்து சொன்னாள். முடியை வெட்டிக்கொண்டாள், தனக்குப் பிடித்த சட்டைகளைப் போட்டுக்கொண்டாள், சந்தோஷமாகப் போனாள். அவள் நேரத்தை வீணடித்ததாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேடிப் பார்த்ததால்தான் அவளுக்கு அது தெரிந்தது.

சிறு வயதில் தோன்றவில்லையே என்பது உங்களை ரொம்ப அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது, அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வயதிலேயே தெரியும், பொம்மையைத் தொடவே மாட்டேன், இப்படிப்பட்ட கதைகள்தான் வெளியே அதிகம் வருகின்றன. அந்தக் கதைகள் பொய் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் சிகிச்சை வேண்டும் என்று போனவர்கள் டாக்டர் எதிர்பார்க்கிற மாதிரியே தங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது, கொஞ்சம் மாறிச் சொன்னால் கதவு மூடிவிடும். அந்த அச்சில் வார்த்த கதைகளே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, வேறு மாதிரி வந்தவர்கள் எல்லாம் தங்களைப் போலி என்று சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. இன்றைய மருத்துவம் அப்படிக் கேட்பதில்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலிருந்து 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பெயரையே எடுத்துவிட்டு, அதனால் வரும் வேதனைக்கு மட்டும் டிஸ்ஃபோரியா என்று பெயர் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் ஐசிடி-11 என்ற நோய்வகைப் பட்டியலில் இந்த விஷயம் மனநோய் அத்தியாயத்திலேயே இல்லை, 'பாலினப் பொருத்தமின்மை' என்ற பெயரில் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்குப் போய்விட்டது. வயது வந்தவர்கள் விஷயத்தில் அந்தப் பட்டியல் கேட்பது, அந்தப் பொருத்தமின்மை தெளிவாக இருக்கிறதா, நீடித்து இருக்கிறதா என்பதைத்தான். குழந்தையாக இருந்தபோதே தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது.

கல்லூரியில் ஏன் இது திடீரென்று மேலே வருகிறது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு எளிய காரணம்தான். அதுவரை நம்மைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் நாம் யார் என்று முன்பே தெரியும், யாரும் புதிதாக நம்மைப் பார்ப்பதில்லை. கல்லூரியில்தான் முதல்முறையாக நூறு பேர் நம்மைப் புதிதாகப் பார்க்கிறார்கள், நாமும் எப்படி அறிமுகம் செய்துகொள்வது என்று ஒரு நொடி யோசிக்கிறோம். அந்த ஒரு நொடி போதும்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இணையத்தில் இருபது கேள்வி கேட்டு மார்க் போடும் தேர்வு, எதுவும் உங்கள் பாலினத்தைச் சொல்லாது. செய்து பார்த்து, செய்யும்போது மனம் எப்படி இருக்கிறது என்று கவனிப்பதுதான் வழி. அதில் தமிழில் எழுதிப் பேசுகிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, அதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

தமிழில் 'நான் வந்தேன்' என்றால் வந்தவர் யார் என்று தெரியாது. 'நீ வந்தாய்' என்றாலும் தெரியாது. நாமே நம்மைப் பற்றிப் பேசும்போதும், ஒருவர் நம் முகத்தைப் பார்த்துப் பேசும்போதும் மொழி நம் பாலினத்தைக் கேட்பதே இல்லை. ஆனால் நாம் அந்த இடத்தில் இல்லாதபோது, மூன்றாம் ஆளாக நம்மைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அது வந்து நிற்கும்: வந்தான், வந்தாள், வந்தார். நான் இரண்டு வருடம் டைரி எழுதினேன், ஒரு தெளிவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் எல்லாமே 'நான்'. ஒருநாள் இரவு லேப் ரெக்கார்டு எழுதச் சலித்துப்போய், அதன் கடைசிப் பக்கத்தில், அன்றைய என் நாளை ஒரு கதையில் வரும் ஆள் போல எழுதிப் பார்த்தேன். காலையில் தாமதமாக எழுந்தாள், இன்டர்னலுக்குப் படிக்கவில்லை என்ற பயத்தோடு ஓடினாள், கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரோ ஒரு சக மாணவியைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. அவளைப் பிடித்தது, ஆனால் அது நான் இல்லை. பிறகு அதையே எழுந்தான், ஓடினான், சாப்பிட்டான் என்று எழுதினேன். கை நடுங்கியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்றாவதாக எழுந்தார், ஓடினார், சாப்பிட்டார். இதைப் படிக்கும்போதுதான் நடுக்கமும் இல்லை, அந்நியமாகவும் இல்லை. சும்மா என் நாள் அது. இந்த வித்தியாசத்தின் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள், விசேஷமான நாள் வேண்டாம். மூன்று விதமாகவும் எழுதி, தேதி போட்டு வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் படியுங்கள். உடனே படித்தால் பயமும் பரபரப்பும்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப ஆறுதல் தந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நன்னூல் இலக்கணத்தில் இதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. பெண்மையை விட்டு ஆணாக விரும்புகிறவரை ஆண்பாலில் சொல், ஆண்மையை விட்டுப் பெண்ணாக விரும்புகிறவரைப் பெண்பாலில் சொல் என்கிறது. அதில் வரும் சொல் 'அவாவுவ'. அவா என்றால் விருப்பம். உடலைப் பார்த்து முடிவு செய் என்று சொல்லாமல், அந்த ஆள் எதை விரும்புகிறார் என்பதை வைத்து வினைமுற்றைப் போடச் சொல்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தி. அதே சூத்திரத்தின் கடைசி வரி இவர்களை அஃறிணை போலச் சொல்வதற்கும் இடம் கொடுக்கிறது, அது மனதைக் குத்தத்தான் செய்கிறது, அதில் வரும் 'பேடு' என்ற சொல்லையும் இன்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் நம்மை எப்படி அழைப்பது என்பது இந்த மொழியில் பல நூறு வருடமாக இருக்கும் கேள்வி, நேற்று வந்தது இல்லை.

இணையத்தில் படித்ததால் வந்ததா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இதையே சொல்வேன். பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919-இலேயே பாலியல் ஆய்வுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார், இப்படிப்பட்ட மனிதர்கள் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் அங்கே வந்தார்கள், சிலர் அங்கேயே வேலையும் பார்த்தார்கள். 1933-இல் நாஜிகள் அதைச் சூறையாடி அதன் நூலகத்தை ஒரு பொதுச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். அப்போது என்ன இணையம் இருந்தது? இணையம் ஒரு சொல்லைத்தான் கையில் கொடுக்கிறது. அந்தச் சொல்லைப் படித்துவிட்டு 'ஓ, இப்படியும் மனிதர்கள் உண்டா' என்று நகர்ந்துபோகிறவர்கள்தான் அதிகம். உங்களுக்கு நகர முடியவில்லை.

இனி பெயர் வைப்பது பற்றி. அவசரமே வேண்டாம். நான் எட்டு மாதம் என்னைத் திருநம்பி, அதாவது பெண்ணாக வளர்க்கப்பட்ட ஆண், என்று சொல்லிக்கொண்டேன், நெருங்கிய நண்பர்கள் நான்கு பேர் ஒரு புதுப் பெயரில் அழைத்தார்கள், முதலில் பறந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதிலும் ஒரு இறுக்கம் வந்தது. ஆணாக நிரூபிக்க வேண்டும் என்று உட்காரும் விதம், சிரிக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். இரண்டும் இல்லை, நான்-பைனரி என்ற இடம் எனக்குப் பொருந்துகிறது என்று நண்பர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்வதுதான் முதல்முறை சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். அதில் ஒருத்தி கேட்டது: "பெயர் அதேதானா, அதுவும் மாறுதா? காண்டாக்ட்டில மாத்தணும்." அவ்வளவுதான். எங்கள் குழுவில் திருநம்பி என்று ஆரம்பித்து இன்று பத்து வருடமாக உறுதியாக, நிம்மதியாகத் திருநம்பியாகவே வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். என் பாதை உங்கள் பாதையாக இருக்க வேண்டியதில்லை.

யாரைப் பிடிக்கும் என்பது வேறு கேள்வி, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆணைப் பிடிக்கிற திருநம்பியும் உண்டு, யார் மீதும் ஈர்ப்பு வராதவரும் உண்டு.

செய்து பார்ப்பதில் திரும்ப முடிகிற விஷயங்களில் ஆரம்பியுங்கள். முடி வளரும். சட்டை மாற்றலாம். நண்பர் ஒருவரிடம் ஒரு வாரம் மட்டும் வேறு பெயரில் அழைக்கச் சொல்லலாம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். மார்பைத் தட்டையாகக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தயவுசெய்து கவனமாக இருங்கள், இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். எலாஸ்டிக் பேண்டேஜ், ஒட்டும் டேப் இவற்றைச் சுற்றிக் கட்டாதீர்கள், மூச்சு விடவிட இறுகி விலா எலும்பைச் சேதப்படுத்தும். இதற்கென்றே தைத்த பைண்டரைச் சரியான அளவில் வாங்குங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள், போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், விளையாடும்போது கழற்றிவிடுங்கள், வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கழற்றுங்கள். இரண்டாம் ஆண்டில் நான் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நான்கு மாடி ஏறி, வகுப்பு வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் ஒரு தொளதொளச் சட்டை, பல நாட்களுக்கு அதுவே போதும்.

ஹார்மோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் ரகசியமாகத் தேடுவது அதைத்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை எடுத்தால் சில மாதங்களில் குரல் உடையத் தொடங்கும், நிறுத்தினாலும் அந்தக் குரல் திரும்பாது. முளைத்த தாடியும் பெரும்பாலும் அப்படித்தான். மாதவிடாய் நிற்பது, கொழுப்பு சேரும் இடம் மாறுவது எல்லாம் நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஆகும். மாதவிடாய் நின்றுவிட்டதால் கர்ப்பம் ஆகாது என்று நினைப்பது தவறு, டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. ரத்தத்தில் சிவப்பணு அளவைப் பரிசோதித்துக்கொண்டே எடுக்க வேண்டிய மருந்து, அதனால் யாரோ கொடுத்தார்கள் என்று தானாக ஊசி போட்டுக்கொள்ளும் வேலை வேண்டவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் எடுக்கவில்லை.

கவுன்சிலரிடம் போகலாமா என்றால், நல்லவர் கிடைத்தால் கண்டிப்பாகப் போங்கள். நல்லவரா என்று எப்படித் தெரியும்? 'உங்களை மாற்றிவிடலாம்' என்று உறுதி கொடுக்கிறவரிடம் திரும்பப் போகாதீர்கள். அப்படி மாற்றும் சிகிச்சை வேலை செய்யாது, தீங்குதான் செய்யும் என்று பெரிய மருத்துவ அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. நான் முதலில் போன கவுன்சிலர் முதல் பத்து நிமிடத்தில் "வீட்டில் சொல்லட்டுமா" என்று கேட்டார், நான் எழுந்து வந்துவிட்டேன், அதன் பிறகு ஒரு வருடம் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு வருடம் எனக்குத் தேவையில்லாமல் போனது. அதனால் நீங்கள் முதலிலேயே கேளுங்கள்: நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும், எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள்? கேள்வியைக் கேட்டதும் நிதானமாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் பாலினக் கேள்வியை எல்லாம் தள்ளி வையுங்கள், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் அல்லது உங்கள் ஊர் உதவி எண்ணில் பேசுங்கள். கேள்வி காத்திருக்கும்.

வீட்டில் சொல்வது பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. படிப்புச் செலவும் தங்கும் இடமும் அவர்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உறுதியாகத் தெரியாமல் சொல்ல வேண்டாம். சொல்லாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது. சொல்லத்தான் போகிறீர்கள் என்றால் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கட்டும், இரண்டு வாரம் தங்க ஓர் இடம் இருக்கட்டும். போனில் படங்கள் வீட்டில் இருக்கும் வேறு கருவியில் தானாகப் போய்ச் சேர்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேருடைய ரகசியம் இப்படித்தான் வீட்டில் தெரிந்தது.

கடைசியாக ரூம்மேட். நல்லவர்தான், ஆனால் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை என்கிறீர்கள். நேராக உங்களைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். செய்தியில் வந்த ஒரு திருநங்கையைப் பற்றியோ திருநம்பியைப் பற்றியோ சாதாரணமாகப் பேச்சை எடுங்கள், பரீட்சையில் முதலிடம் வாங்கினார், வேலைக்குச் சேர்ந்தார், ஏதாவது ஒன்று. அப்புறம் ரூம்மேட் பேசும்போது வாக்கியத்தின் கடைசியைக் கேளுங்கள். அந்தத் திருநம்பியைப் பற்றிப் பேசும்போது 'சேர்ந்தான்', 'சேர்ந்தார்' என்று தானாக வருகிறதா, 'சேர்ந்தாள்' என்று பிடிவாதமாக வருகிறதா, 'அது சேர்ந்துச்சு' என்று சிரிப்போடு வருகிறதா? தடுமாறி, 'எப்படிச் சொல்லணும், அவர்னு சொல்லலாமா' என்று உங்களிடமே கேட்டால் அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பதில். என் ரூம்மேட் அப்படித்தான் கேட்டாள். அன்றிரவே அவளிடம் சொல்லிவிட்டேன், லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தையும் காட்டினேன், அவள் மூன்று பத்தியையும் சத்தமாகப் படித்துவிட்டு மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.